649 ரூபாய் லிவர் கேப்ஸ்யூலும் எங்கள் செக்கிங் டேபிளும்

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 60 கேப்ஸ்யூல் உள்ள பாட்டில், விலை 649 ரூபாய், ஆன்லைனில் வாங்கியது. இரண்டு பாட்டில் சேர்த்து வாங்கினால் 1,199. நான் இரண்டு வாங்கினேன், அந்த ஆசை யாரை விட்டது. கம்பெனி பெயரைப் போடவில்லை. இதே சரக்கு, இதே மாதிரி டப்பாவில், இன்னும் பத்துப் பெயரில் கிடைக்கிறது. ஒன்றைத் திட்டினால் மற்ற ஒன்பதும் நல்லதாகிவிடும்.

உள்ளே இருப்பதாக எழுதியிருப்பவை கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மணத்தக்காளி, சீந்தில், அப்புறம் சிலிமரின். டப்பாவின் முகப்பில் பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு கல்லீரல், அதைச் சுற்றி ராஜா காலத்துக் கேடயம். ‘ஆன்டி ஆக்ஸிடன்ட் கவசம். கெமிக்கல் நச்சிலிருந்து உங்கள் கல்லீரலுக்குப் பாதுகாப்பு.’

கெமிக்கல் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாங்கினேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் திருப்பூர்க்காரி. 1994-ல் இருபது வயதில் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனேன். மூன்று வருடம் கழித்து கறை எடுக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். சம்பளம் பத்து ரூபாய் கூட என்பதால் நானே கேட்டு வாங்கியதுதான். இந்த ஊரில் வேலை பார்க்காதவர்களுக்கு அது என்ன மேஜை என்று தெரிந்திருக்காது. நிட்டிங் மெஷினில் ஊசிக்கு விடுகிற எண்ணெய் சில நேரம் துணியில் கோடாக இறங்கிவிடும். ஆயில் லைன் என்போம். வெட்டி, தைத்து, பீஸ் செக்கிங் டேபிளுக்கு வந்த பிறகுதான் டியூப் லைட் வெளிச்சத்தில் அது கண்ணில் படும். எக்ஸ்போர்ட் பீஸில் கடுகளவு கறை இருந்தாலும் பையர் பக்கத்து க்யூ.சி. தூக்கிப் போட்டுவிடுவார். அப்புறம் அது காதர்பேட்டையில் செகண்ட்ஸாக, அதாவது கழித்த சரக்காகப் போகவேண்டியதுதான்.

அதற்காகத்தான் அந்த கன். கையில் பிடிக்கிற துப்பாக்கி மாதிரி இருக்கும், அடியில் டப்பா மாட்டியிருக்கும். விசையை அழுத்தினால் ட்ர்ர்ரென்று கை அதிரும். முனையிலிருந்து ஊசி மாதிரி திரவம் பீச்சும். கறைக்கு அடியில் வேஸ்ட் துணியை மடித்து வைத்து, நேராகப் பிடித்து இரண்டு அழுத்து. எண்ணெய் அப்படியே கீழ்த்துணிக்கு இறங்கிவிடும். மேலே உள்ள ஈர வட்டம் நாலு எண்ணுவதற்குள் காய்ந்துவிடும். தடம் இருக்காது. தீப்பிடிக்கவும் செய்யாது. பக்கத்திலேயே அயர்ன் பாக்ஸ் வைத்து வேலை பார்த்திருக்கிறோம். ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு பீஸ் வரை எடுப்பேன்.

அந்தத் திரவத்துக்கு எங்கள் வாயில் ஒரே பெயர்தான், சி.டி.சி. இனிப்பான வாசனை. கெட்ட நாற்றமாக இருந்திருந்தால் மூக்கைப் பொத்தியிருப்போம். மதியத்துக்கு மேல் தலை கிர்ரென்று இருக்கும், டீக்கு வெளியே போய் நின்றால் சரியாகிவிடும். மாஸ்க் யாரும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கர்ச்சீஃப் கட்டிக்கொள்வோம். ஆவிக்குக் கர்ச்சீஃப் என்ன செய்யும்?

எங்கள் மேஜையில் ஒரு அண்ணன் இருந்தார். கை அவ்வளவு சுத்தம், கறை எடுத்த இடத்தைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் அன்று ராத்திரி குடிப்பார். ஒரு தடவை ஷிப்மென்ட் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வரச்சொல்லி, ஜன்னல் இல்லாத பின்ரூமில் ஒரு முழு லாட்டையும் அவர் ஒருவரே எடுத்து முடித்தார். புதன்கிழமை கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வரை போய்த் திரும்பி வந்தார். குடித்துக் குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் பின்னால் வரும்.

2009 வாக்கில் கேன் மாறியது. சி.டி.சி. இனி வராது, கவர்மென்டே நிறுத்திவிட்டது என்றார்கள். எங்களுக்காகத்தான் நிறுத்தினார்களாக்கும் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது வானத்தில் இருக்கிற ஓசோன் படலத்துக்காக. 1987-ல் மான்ட்ரியலில் போட்ட உலக ஒப்பந்தப்படி, வேறு ரசாயனம் தயாரிக்கிற மூலப்பொருளாக உபயோகிப்பதைத் தவிர, மற்றதையெல்லாம் 2010 ஜனவரி 1-க்குள் இந்தியா முடித்தாக வேண்டியிருந்தது. சரி, யாருக்காக நின்றாலும் நின்றது நின்றதுதான்.

இப்போது நான் சொந்தமாக ஒரு சின்ன செக்கிங், பேக்கிங் யூனிட் வைத்திருக்கிறேன். போன தை மாதம் ஒரு மெடிக்கல் கேம்ப்பில் ரத்தம் கொடுத்தேன். எஸ்.ஜி.பி.டி. 62 என்று வந்தது. பக்கத்தில் 35-க்குள் இருக்கவேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். கல்லீரல் செல் சேதமானால் உள்ளே இருக்கிற இந்த என்ஸைம் ரத்தத்தில் கசியும், அதை அளப்பதுதான் இந்த டெஸ்ட். எனக்கு உடனே அந்த கன்தான் ஞாபகம் வந்தது. கையில் அந்த அதிர்வுகூட வந்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி படுக்கையில் போனை நோண்டி, கேடயம் போட்ட டப்பாவைக் கண்டுபிடித்து, ஆர்டர் போட்டுவிட்டேன்.

டெலிவரியில் குறை இல்லை. நாலாம் நாள் வந்தது. பழுப்புக் கண்ணாடி பாட்டில், வாய் அகலம், மூடிக்குள் அலுமினிய சீல். கேப்ஸ்யூல் பெரிசுதான், ஆனால் தொண்டையில் சிக்கவில்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சாப்பிட்ட அரைமணி நேரத்தில் வைக்கோல் போர் வாசனையில் ஒரு ஏப்பம் வரும். முதல் வாரம் வயிறு கொஞ்சம் இளகியது, அப்புறம் பழகிவிட்டது.

டப்பாவுக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. இந்த ரிவ்யூவே அந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

அதில் ஒரு படம். கல்லீரல் சேதம் எவ்வளவு என்று காட்டுகிற மூன்று தூண்கள். முதல் தூண் குட்டை, ‘நார்மல்’. இரண்டாவது வானளவு, ‘சிசிஎல் 4’. மூன்றாவது நடுத்தரம், ‘சிசிஎல் 4 + எங்கள் தயாரிப்பு’. கீழே பொடி எழுத்தில் ‘விஸ்டார் எலிகளில், கிலோவுக்கு 200 மி.கி.’ என்று இருந்தது. என் மகள் கோயம்புத்தூரில் பி.ஃபார்ம் கடைசி வருடம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அதைக் காட்டி, “கண்ணு, இந்த சிசிஎல் 4 என்னது?” என்று கேட்டேன்.

“கார்பன் டெட்ராகுளோரைடும்மா. லேபில் எலிக்கு லிவரைக் கெடுக்கிறதுக்கு ஊசி போடுவாங்க. கெடுத்துட்டு, மூலிகை காப்பாத்துதான்னு பார்ப்பாங்க. எங்க காலேஜ்ல எம்.ஃபார்ம் பண்றவங்கள்ல பாதிப்பேருக்கு இதுதான் தலைப்பு” என்றாள். அப்புறம் கொஞ்சம் நின்று, “நீ கன்ல போட்டது சி.டி.சி.தானே? சி, டி, சி. அம்மா, அது இதுதான்” என்றாள்.

நான் தோசைக்கல்லை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எலிக்கு அளந்து ஊசி போட்டதை நாங்கள் அளவே இல்லாமல் பன்னிரண்டு வருடம் மூக்கில் இழுத்திருக்கிறோம். இந்தக் காகிதத்தைப் படிக்க உலகத்திலேயே பொருத்தமான ஆள் நான்தான் என்று தோன்றியது. அதனால் ஒரு வரி விடாமல் கேட்டேன். அவளும் பொறுமையாகச் சொன்னாள்.

சி.டி.சி. தானாகக் கல்லீரலைக் கெடுப்பதில்லையாம். உள்ளே போனதைக் கழிவாக்கி வெளியேற்றுவதற்குக் கல்லீரலில் சில என்ஸைம்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, சைப் 2இ1 என்று பெயர், சி.டி.சி.யிலிருந்து ஒரு குளோரினை உடைத்து எடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ஜோடி இல்லாமல் அலைகிற ஒரு துண்டு. ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள். அது செல்லின் மேல்தோலில் உள்ள கொழுப்பிலிருந்து தனக்கு வேண்டியதைப் பிடுங்கும். பிடுங்கக் கொடுத்த கொழுப்பு இப்போது ஜோடியற்றதாகி அடுத்ததைப் பிடுங்கும். அது அதற்கடுத்ததை.

எனக்கு இது உடனே புரிந்தது. பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அப்படித்தான். ஓட்டை முதலில் ஊசிமுனை அளவு. இழுத்துப் பார்த்தால் அடுத்த கண்ணி, அதற்கடுத்த கண்ணி என்று ஏணி மாதிரி அவிழ்ந்துகொண்டே போகும். ஓட்டை பெரிதாகும் முன்னால் யாராவது ஒரு நூலைக் கோத்து அந்தக் கண்ணியைப் பிடித்துக் கட்டவேண்டும். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது அந்த நூல். அலைகிற துண்டுக்குத் தன்னிடமிருந்து கொடுத்து, தான் அடங்கி நின்றுவிடும். நம் கல்லீரலே குளூட்டாதயோன் என்று ஒரு நூலைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறது. அது தீர்ந்தால்தான் சேதம். பாராசிட்டமால் மாத்திரையை அளவு மீறி முழுங்கினால் கல்லீரல் போவதும் இதே கதைதான் என்றாள். அதற்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அசிட்டைல்சிஸ்டின், உடம்பு குளூட்டாதயோனைத் திரும்பச் செய்துகொள்ள உதவுகிற மருந்தாம். சி.டி.சி. விஷமாகி வந்தவர்களுக்கும் அதையே கொடுப்பார்களாம்.

அப்போது அந்த அண்ணனைப் பற்றிச் சொன்னேன். மகள் முகம் மாறிவிட்டது. சாராயம் தொடர்ந்து குடித்தால் அந்த சைப் 2இ1 கல்லீரலில் கூடிப்போகுமாம். கூடியிருக்கிற நேரத்தில் சி.டி.சி. உள்ளே போனால் விஷம் பல மடங்கு உற்பத்தியாகும். குடிக்காதவனை ஒன்றும் செய்யாத அளவு, குடித்தவனைப் படுக்கவைத்துவிடும், கிட்னியையும் சேர்த்து. அவரைக் குடிகாரன் என்று பேசிய வாய் இருக்கிறதே, அதற்கு அன்று நான் என்ன பதில் சொல்ல.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். மூன்றாவது தூண் குறைந்ததே, அது பொய்யா? பொய் இல்லை என்றாள். கீழாநெல்லியோ கரிசலாங்கண்ணியோ, எலிக்குக் கொடுத்துப் பார்த்தால் நிஜமாகவே அந்தத் தூண் இறங்கும். இந்த ஊர் காலேஜ்களில் மட்டும் எத்தனையோ செடிக்கு இறங்கியிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். பெரும்பாலும் எலிக்கு மூலிகையை ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஊசி. ஓட்டை விழும் முன்பே நூலோடு ஆள் நிற்கிறான். நான் சி.டி.சி.யை விட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு நூலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள், அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மூலிகை அந்த சைப் என்ஸைமை மந்தமாக்கினாலே போதும், விஷம் உருவாகாது, தூண் இறங்கிவிடும். பார்க்கிறவர்கள் கல்லீரலை மூலிகை காப்பாற்றியது என்பார்கள். மெஷினே ஓடாவிட்டால் டேமேஜ் எப்படி வரும்? ஓடாததை வைத்து ஆபரேட்டர் கெட்டிக்காரன் என்று சொன்ன மாதிரிதான்.

அளவுக் கணக்கையும் போட்டோம். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்றால் மனிதனுக்கு அப்படியே பெருக்கக்கூடாதாம், 6.2-ஆல் வகுக்கவேண்டும். கிலோவுக்கு 32 மி.கி. வருகிறது. நான் அப்போது 71 கிலோ. ஒரு நாளைக்கு 2.3 கிராம் வேண்டும். லேபிளில் ஒரு கேப்ஸ்யூல் 500 மி.கி. என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? எங்கள் யூனிட்டில் ஜி.எஸ்.எம். தராசு இருக்கிறது, துணியை வட்டமாக வெட்டி வைத்து எடை பார்ப்பது, கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். பத்து கேப்ஸ்யூலைத் திறந்து வெள்ளைக் காகிதத்தில் கொட்டி வைத்தேன். 4.1 கிராம். ஐந்து இருந்திருக்கவேண்டும். ஆக ஒரு நாளைக்கு இரண்டு போட்டாலும் 820 மி.கி.தான், அதையும் ஐந்து சரக்கு பங்கு போட்டுக்கொள்கின்றன. பொடி பழுப்புப் பச்சை. நாக்கில் வைத்தேன், கசப்பு, கூடவே சாக்பீஸ் மாதிரி ஏதோ.

சிலிமரினைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கமாகிவிடும். அது நம் ஊர்ச் செடி இல்லை. மில்க் திஸில் என்று மத்தியதரைக்கடல் பக்கத்து முள்செடி, ஊதாப் பூ, அதன் விதையிலிருந்து எடுப்பது. எலி ஆராய்ச்சிகளில் மற்ற மூலிகைகளை இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நிஜமான விஷத்துக்கு எதிராக நிஜ மனிதர்களுக்கு இதைக் கொடுக்கிற ஓர் இடமும் உண்டு. ஐரோப்பாவில் காட்டுக் காளானைத் தெரியாமல் பறித்துச் சமைத்துச் சாப்பிட்டுக் கல்லீரல் போகிறவர்களுக்கு, சிலிமரினில் உள்ள சிலிபினினை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். காளான் விஷம் கல்லீரல் செல்லுக்குள் நுழைகிற கதவை அது அடைக்கிறது. கவனியுங்கள், நரம்பு வழியாக, அதுவும் சாப்பிட்ட சூட்டோடு. வாய்வழி முழுங்கினால் அது ரத்தத்தில் சேர்வதே கொஞ்சம். அமெரிக்காவில் ஹெபடைட்டிஸ் சி உள்ள 154 பேருக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு வேளைக்கு 420 மி.கி., இன்னொன்றுக்கு 700 மி.கி., இரண்டுமே தினம் மூன்று வேளை. வெற்று மாத்திரை போட்டவர்களைவிட எஸ்.ஜி.பி.டி. குறையவில்லை. அவர்கள் நோய் வேறு, என் நோய் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு 2,100 மி.கி. சாப்பிட்டவர்களுக்கே அப்படி என்றால், ஐந்தில் ஒரு பங்கு சரக்கை நம்பி நான் 1,199 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

கீழாநெல்லியை மட்டும் மனசு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறது. எங்கள் அம்மாயி மஞ்சள்காமாலை என்றால் வேலியோரம் போய்ப் பறித்து வந்து, அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்துக் கொடுப்பார். உப்பில்லாப் பத்தியம். இலையைத் திருப்பினால் அடியில் வரிசையாகப் பொடிப்பொடிக் காய், அதனால்தான் கீழாநெல்லி. எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்த மோர் குடித்துத்தான் எழுந்தார்கள். “அம்மா, தண்ணியால வர்ற காமாலை அனேகமா தானாவே சில வாரத்துல போயிடும். மோர் குடிச்சாலும் போயிருக்கும், குடிக்காட்டியும் போயிருக்கும்” என்றாள் மகள். அம்மாயி கேட்டிருந்தால் இவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றியிருப்பார்.

ஆனால் இதை ஊர்க்கதை என்று தள்ளவும் முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பர்க்கோடு சேர்ந்து, அந்தக் கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 200 மி.கி. தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 1988-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. பொடி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது, வெற்று மாத்திரைக்காரர்களில் 4 சதவீதம். அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்! அப்புறம் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. ஏன் என்பதில் செடி மாறியதிலிருந்து ஆள் மாறியதுவரை பல பேச்சு. செடி மாறும் என்பதை நான் நம்புவேன். கடையில் கீழாநெல்லி என்று கொடுக்கிற கட்டில் அதன் பங்காளிச் செடிகளும் கலந்து வரும். காய்ந்த பிறகு எங்களால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. பொடியாக்கிக் கேப்ஸ்யூலில் அடைத்தபின் யாரால் முடியும்?

45 நாள் சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். 79.

இப்போதுதான் டாக்டரிடம் போனேன். முதலிலேயே போயிருக்கவேண்டும், மகள் திட்டியதை இங்கே எழுதவில்லை. அவர் ஸ்கேன் எடுத்தார், கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தார். இறுக்கம் இல்லை. கொழுப்பு படிந்திருக்கிறது, கிரேடு 1. நான் கன் கதையை முழுதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அது அப்ப செஞ்சிருக்கலாம்மா. நின்னு இத்தனை வருஷம் ஆச்சு, தழும்பு விட்டிருந்தா இதுல தெரியும், தெரியலை. இப்ப இருக்கறது உட்கார்ந்த வேலை, சர்க்கரை பார்டர், எடை, இதுகளால வந்தது” என்றார். அப்புறம் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தேன். லேபிளைத் திருப்பி, சீந்தில் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

கொரோனா நேரத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்திலை ஊரே குடித்தது. 2021-ல் மும்பை டாக்டர்கள், அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் வீங்கி வந்ததை எழுதினார்கள். அடுத்த வருடம் நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, அது சீந்தில் இல்லை, அதைப்போல இருக்கிற வேறு கொடியாக இருக்கும் என்றது. எதுவாக இருந்தாலும் லேபிளில் சீந்தில் என்றுதான் போட்டிருக்கும், எனக்கு அதுதான் பயம். பச்சைத் தேயிலையும் அப்படித்தானாம். டீயாகக் குடித்தால் பயமில்லை. அதன் சாரத்தைப் பிழிந்து மாத்திரையாக்கி, அதில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் ஒரு நாளைக்கு 800 மி.கி.யோ அதற்கு மேலோ உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரல் என்ஸைம் ஏறுகிறது என்று 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பே சொல்லியிருக்கிறது. அதுவும் பெயர்பெற்ற ஆன்டி ஆக்ஸிடன்ட்தான்.

79 ஆனது இந்தக் கேப்ஸ்யூலால்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த நம்பர் தானாகவும் ஏறி இறங்கும், டாக்டரும் அதைத்தான் சொன்னார். நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்றார், நிறுத்தினேன்.

கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டேன். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

“ஏனுங்க தம்பி, இதுல சீந்தில் எத்தனை மில்லிகிராம்ங்க?”

“மேடம், அது பிராப்ரைட்டரி பிளெண்ட். தனித்தனியா சொல்ல மாட்டோம்.”

“எலிக்கு எத்தனை கொடுத்தீங்கன்னு போட்டிருக்கீங்க, எனக்கு எத்தனைன்னு சொல்ல மாட்டீங்களா?”

“ஃபுல்லா நேச்சுரல்தான் மேடம், சைடு எஃபெக்ட் எதுவும் வராது.”

சி.டி.சி. வந்த கேனிலாவது உள்ளே இருப்பது என்னவென்று முழுதாக எழுதியிருந்தார்கள். போனை வைத்த பிறகு லூப் வைத்து லேபிளைப் படித்தேன். துணியில் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுகிற கண்ணாடி அது, எங்கள் தொழிலுக்கு அது இல்லாமல் ஆகாது. முன்பக்கம் கேடயம், கவசம். பின்பக்கம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பருக்குக் கீழே, கடைசி வரியில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. உணவுச் சத்துப்பொருள் என்று லைசென்ஸ் வாங்கினால் அந்த வரியைப் போட்டே ஆகவேண்டுமாம். போட்டிருக்கிறார்கள். இதை ஆயில் லைன் தேடுகிற கண்ணே இத்தனை நாள் பார்க்கவில்லை.

நிறுத்திய ஆறு வாரத்தில் 58. அதற்குள் காலையில் நடக்க ஆரம்பித்திருந்தேன், நொய்யல் கரை நாறுகிறது என்று எதிர்ப்பக்கம் போய். ராத்திரி சோற்றைக் குறைத்தேன், டீயில் சர்க்கரையை விட்டேன். கேம்ப் முடிந்து எட்டு மாதம் ஆன இப்போது எடை 66.5, எஸ்.ஜி.பி.டி. 41. இதில் நடைக்கு எவ்வளவு, சர்க்கரைக்கு எவ்வளவு, கேப்ஸ்யூலை விட்டதற்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்கு மூன்று தூண் படம் இல்லை. எலி மாதிரி என்னை மூன்றாகப் பிரிக்கவா முடியும்?

இந்தச் செலவில் உருப்படியாக ஒன்று நடந்தது. எங்கள் யூனிட்டில் கறை எடுக்கிற மேஜையை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றி, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, ஆவியை உறிஞ்சுகிற கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் இரண்டு வாங்கினேன். இப்போது வருகிற திரவம் சி.டி.சி. இல்லைதான், ஆனால் அதுவும் இனிப்பாகத்தான் மணக்கிறது. மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று அந்த மேஜைப் பெண் தினமும் கழற்றி வைத்துவிடுகிறாள். நானும் தினமும் மாட்டிவிடுகிறேன். அவளிடம் எலிக் கதையைச் சொன்னேன். “அக்கா, அப்ப எனக்கும் முன்னாடியே அந்தக் கேப்ஸ்யூலைக் கொடுத்துடுங்க” என்றாள். என்னிடம் அதற்குச் சட்டென்று பதில் இல்லை, அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மதிப்பெண் போடவேண்டும் என்றால்: டெலிவரிக்கு ஐந்துக்கு ஐந்து. பேக்கிங்குக்கு நாலு. எடைக்கு இரண்டு, நூறு கிராம் குறைந்தாலே எங்கள் தொழிலில் டெபிட் நோட் வரும். உள்ளே இருக்கிற காகிதத்துக்கு எத்தனை போடுவது என்று தெரியவில்லை. அதில் இருக்கிற ஒவ்வொரு வரியும் நிஜம், சேர்த்துப் படித்தால்தான் இடிக்கிறது. மொத்தத்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டேன். மறுநாளே அடுத்த மூன்று பாட்டிலுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி என்று கூப்பன் வந்தது.

மிச்சம் இருந்த இருபது கேப்ஸ்யூலைக் குப்பையில் போட்டாயிற்று. பாட்டில் நல்ல பாட்டில், வாய் அகலம் என்று சொன்னேன் இல்லையா, ஒன்றில் உடைந்த ஊசியும் மற்றதில் பட்டனும் போட்டு வைத்திருக்கிறேன்.